எத்தனை குடம்

எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
இருதயராஜ் சார் கரும்பலகையில்
மேட்டூரின் கொள்ளளவை எழுதினார்:
தொண்ணூற்று மூன்றரை டி.எம்.சி.
நாங்களும் எழுதிக்கொண்டோம்.
அப்பா சொல்வது, டீக்கடைப் பேப்பர் சொல்வது,
ஆடி பிறந்தால் ஊரே சொல்வது.
சொல்லத் தெரிந்ததால்
தெரிந்த சொல் என்றே இருந்துவிட்டோம்.

வனரோஜா எழுந்தாள்.
"சார், ஒரு டி.எம்.சி.ன்னா
எங்க வூட்டுக் குடத்தால எத்தனை குடம்?"

முதல் சிரிப்பு என்னுடையது.
இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எனக்கும் தெரியாது.
அதே கேள்வி முந்தாநாளிலிருந்து
கெளுத்தி முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
அவள் வாய்விட்டுத் துப்பிவிட்டாள்.
எனக்குள்ளும் ஒன்று இருப்பது
யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று
சத்தமாய்ச் சிரித்தேன்.
பின்னால் முப்பத்தெட்டுப் பேர்
சிரித்துச் சிரித்து
அவரவர் முள்ளை விழுங்கினார்கள்.

சார் சிரிக்கவில்லை.
சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பரீட்சைக்கு வராது, உக்காரு."
அவருக்கும் முள்ளோ என்னவோ.

அன்றிலிருந்து அவள் பெயர் குடம்.
மழை பெய்தால், குடத்த உள்ள வைங்கடா.
குழாயடிக்குப் போனால், குடம் ரொம்பப் போவுது.
பெயர் வைத்தது நானில்லை.
நிலைத்ததில் எனக்குப் பங்குண்டு.
மார்கழிக்குள் அவள் கை
பெஞ்சை விட்டு மேலே வருவதில்லை.
அரையாண்டில் நல்ல மார்க் வாங்கினாள்.

இப்போது நான் லஸ்கர்.
கோரையாற்றில் ஐந்து கண் சட்ரஸ் என் பொறுப்பு.
காலை ஆறு மணிக்கு அளவு பார்த்து
நோட்டில் எழுதி, போனில் சொல்கிறேன்.
போன மாதம் தஞ்சாவூரில் பயிற்சி;
ஏ.சி. அறை, திரையில் படம், இரண்டு போண்டா.
"சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார்
மீசை சரியாய் முளைக்காத பொறியாளர்.
நரைத்த தலைகள் அறுபதும்
ஒன்றாய் ஆடின: இல்லை, இல்லை.
காற்றடித்த நாற்றங்கால்கூட
அத்தனை ஒற்றுமையாய்ச் சாயாது.
எட்டாம் வகுப்பு பி பிரிவு
பென்ஷனை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

அன்றிரவு சட்ரஸ் கொட்டகையில்
பழைய நோட்டின் பின்னட்டையில் போட்டுப் பார்த்தேன்.
நூறு கோடி கன அடி.
கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர், சொச்சம்.
குடத்துக்குப் பதினைந்து.
மூன்று தடவை தப்பு. நாலாவதில் வந்தது:
நூற்றெண்பத்தெட்டுக் கோடியே சொச்சம் குடம்.
அந்த அணையை ஒரு சிறுமி
இடுப்பில் வைத்துப் பார்க்க நினைத்திருக்கிறாள்.
இதில் சிரிக்க என்ன இருந்தது?

நேற்று பாலக்கட்டையிலிருந்து
ஆற்றில் குதித்துக்கொண்டிருந்த பையன்கள்.
ஒருவன் ஈரம் சொட்ட வந்தான்.
"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றவன்
கேள்விக்கு முன்னால்
கூட்டாளிகளின் உதட்டைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

கேளுடா.
சிரிப்பானுவ, சிரிக்கட்டும்.
சிரிக்கிறவன் தொண்டையை உத்துப் பாரு,
முள்ளு தெரியும்.

"மீனுக்குத் தாகம் எடுக்குமா?"

கட்டை மேல் இருந்தவர்கள் கெக்கலித்தார்கள்.
நான் காக்கிச் சட்டையோடு
தண்ணீரைப் பார்த்து, யோசித்து,
"தெரியலையேடா" என்றேன்.
இருபத்தேழு வருஷ சர்வீஸில்
அந்தச் சொல் வாய்க்குப் புதுசு.
சிரிப்பு அடங்கிவிட்டது.
ஐந்து பேரும் சட்ரஸ் ஓரம் குப்புறப் படுத்து
மீன் வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள்.
மூடுகிறது, திறக்கிறது. குடிக்கிறதா, பேசுகிறதா?
சண்டை இருட்டும்வரை ஓயவில்லை.

வனரோஜா திருப்பூர்ப் பக்கம் என்கிறார்கள்.
எப்போதாவது கண்டால் கணக்கைச் சொல்வேன்.
நூற்றெண்பத்தெட்டுக் கோடி.
அவள் இடுப்பில் கைவைத்து
"எந்தக் குடம்?
எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா?" என்று
என் விடையை உடைக்க வேண்டும்.

கேட்பாளா?